கேட்ட அன்று கைக்கு வருமா? அரசுப் பணமும் வங்கிகளும்: கேள்வி பதில்

அரசு அலுவலகங்களும் உள்ளாட்சி அமைப்புகளும் தங்களிடம் இருக்கும் பொதுப்பணத்தை எந்த வங்கியில், என்ன நிபந்தனையில் போடலாம் என்பது பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரி கேட்டவற்றைச் சேர்த்து ஏழாக ஆக்கியிருக்கிறேன். எழுதியவர்களில் சிலர் அரசு வேலையில் இருப்பவர்கள் என்பதால் யார் பெயரையும் ஊரையும் போடவில்லை.

கேள்வி: நான் எஃப்டி போடும்போது நாலு வங்கியில் விசாரித்து, அரை சதவீதம் கூடுதலாகத் தருகிற இடத்தில்தான் போடுகிறேன். அரசாங்கம் மட்டும் ஏன் அப்படிச் செய்யக் கூடாது? மக்கள் பணத்துக்கு அதிக வட்டி வந்தால் மக்களுக்குத்தானே நல்லது?

பதில்: பெரும்பாலானவர்கள் கேட்டிருப்பது இதைத்தான். நீங்கள் போடுவது உங்கள் பணம். அரை சதவீதத்துக்காக ஒரு ஆபத்தை ஏற்றுக்கொள்வதும் வேண்டாம் என்பதும் உங்கள் இஷ்டம். அரசு அலுவலகத்தில் காசோலையில் கையெழுத்துப் போடுகிறவருக்கு அதில் ஒரு பைசாகூடச் சொந்தமில்லை. அது அடுத்த மாதம் கொடுக்க வேண்டிய சம்பளம், மருத்துவமனைக்கு வாங்க வேண்டிய மருந்து, பாதி கட்டிய பாலத்தின் பில். அதனால்தான் எந்த நாட்டு விதிப் புத்தகத்தை எடுத்தாலும் பெரும்பாலும் ஒரே வரிசைதான் இருக்கும்: முதலில் பாதுகாப்பு, அடுத்து வேண்டிய நாளில் எடுக்க முடிய வேண்டும், இந்த இரண்டும் உறுதியான பிறகுதான் வட்டி.

வரிசையை மாற்றிப் போட்டவர்கள் கதை ஒன்றைச் சொல்கிறேன். அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்து ஆரஞ்ச் கவுண்டி (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) வசதியான இடம். அந்தக் கவுண்டியின் பொருளாளர் கவுண்டிப் பணத்தோடு பள்ளி வாரியங்கள், தண்ணீர் வாரியங்கள், நகராட்சிகள் ஆகியவற்றின் பணத்தையும் சேர்த்து ஒரு பொது நிதியாக நிர்வகித்தார். மற்ற இடங்களைவிட அதிக வட்டி வந்துகொண்டே இருந்ததால் எல்லோரும் அவரைக் கொண்டாடினார்கள். எப்படி வந்தது அந்த வட்டி? ஏறக்குறைய 750 கோடி டாலரை வைத்துக்கொண்டு, கையில் இருந்த பத்திரங்களை அடகு வைத்துக் கடன் வாங்கி, 2,000 கோடி டாலர் அளவுக்கு முதலீடு செய்திருந்தார். வட்டி விகிதம் ஏறாது என்பதுதான் அந்தக் கணக்கின் அஸ்திவாரம். 1994 பிப்ரவரியில் 3 சதவீதமாக இருந்த விகிதத்தை அமெரிக்க மத்திய வங்கி படிப்படியாக ஏற்றி நவம்பரில் 5.5 சதவீதத்துக்குக் கொண்டு போனது. பத்திரங்களின் விலை சரிந்தது, கடன் கொடுத்தவர்கள் கூடுதல் ஈடு கேட்டார்கள், அந்த டிசம்பரில் கவுண்டியே திவால் மனு கொடுத்தது. நஷ்டம் 160 கோடி டாலருக்கு மேல். அந்த வருடம் நடந்த தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவர் இந்த ஆபத்தை வெளிப்படையாகவே எச்சரித்திருந்தார், ஆனாலும் ஜூனில் வென்றது பொருளாளர்தான். வட்டி நன்றாக வந்துகொண்டிருக்கும்போது கேள்வி கேட்பவர் சொல் எடுபடுவதில்லை, எனக்கு இந்தக் கதையில் மிகவும் வருத்தம் தருவது அதுதான்.

அது முதலீடு, வங்கி டெபாசிட் இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். சரி, டெபாசிட்டுக்கே வருகிறேன். 2008 அக்டோபரில் ஐஸ்லாந்தின் பெரிய வங்கிகள் மூன்றும் சரிந்தபோது, அந்த வங்கிகளிலும் பிரிட்டனில் இருந்த அவற்றின் துணை வங்கிகளிலும் இங்கிலாந்தின் 127 உள்ளாட்சி அமைப்புகளுடைய 95 கோடி பவுண்டு மாட்டிக்கொண்டது. அந்த வங்கிகளின் தர மதிப்பீடு இறங்கிய பிறகும் அங்கே பணம் போட்ட ஏழு அமைப்புகளை, உள்ளாட்சிகளின் கணக்கைப் பார்த்துவந்த தணிக்கை ஆணையம் பின்னால் பெயர் சொல்லிக் கண்டித்தது. அந்தத் தணிக்கை ஆணையமே அந்த வங்கிகளில் ஒரு கோடி பவுண்டு போட்டிருந்தது என்பதும் வெளியே வந்தது. பணத்தில் பெரும்பகுதி பிற்பாடு திரும்பி வந்துவிட்டது, அதற்கு வழக்கும் வருடங்களும் ஆயின. 1991 ஜூலையில் பிசிசிஐ (பேங்க் ஆஃப் கிரெடிட் அண்ட் காமர்ஸ் இன்டர்நேஷனல்) என்ற வங்கி மூடப்பட்டபோது ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகள் கவுன்சில் இழந்தது இரண்டு கோடி பவுண்டுக்கும் மேல். குறைந்த வட்டிக்குக் கடன் வாங்கி அதை அந்த வங்கியில் கூடுதல் வட்டிக்குப் போட்டு வந்தார்கள். சின்னத் தீவுகளின் கவுன்சிலுக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று யோசித்துப் பாருங்கள்.

அதற்காக வட்டியையே கேட்காதே என்று யாரும் சொல்லவில்லை. பாதுகாப்பில் தேறிய வங்கிகளின் பட்டியலை முதலில் போட்டு, அந்தப் பட்டியலுக்குள் அதிகம் தருகிறவரிடம் போடுவதில் தப்பே இல்லை. அந்தப் பட்டியலைத் தயாரிக்கும் மேசையில் வட்டி விகிதம் இருக்கக் கூடாது.

கேள்வி: வங்கி மூழ்கினாலும் டெபாசிட் இன்ஷூரன்ஸ் இருக்கிறதே? அரசாங்கப் பணத்துக்கு அது கிடைக்காதா?

பதில்: பெரும்பாலான இடங்களில் கிடைக்காது, அல்லது போதாது. இந்தியாவில் 2020 பிப்ரவரி 4 முதல் ஒரு வங்கியில் ஒரு வாடிக்கையாளருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. மத்திய, மாநில அரசுகளின் டெபாசிட்டுகள் அந்தக் காப்பீட்டுக்குள் வராது என்று சட்டமே சொல்லிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டு விதியும் பொது அதிகார அமைப்புகளை வெளியே நிறுத்துகிறது; ஆண்டு பட்ஜெட் 5 லட்சம் யூரோ வரை உள்ள சின்ன உள்ளாட்சிகளை விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம் என்று நாடுகளுக்கு ஒரு சலுகை வைத்திருக்கிறது. அமெரிக்காவில் அரசுப் பணத்துக்கும் காப்பீடு உண்டு, உச்சவரம்பு 2,50,000 டாலர்தான். ஒரு நகராட்சியின் சம்பளக் கணக்கில் சம்பள நாளுக்கு முந்தின நாள் இருக்கும் தொகையோடு ஒப்பிட்டால் அது ஒரு மூலைக்குக் காணாது. இந்தக் காப்பீடு சின்னச் சேமிப்பாளருக்காக உருவானது, பெரிய தொகை போடுகிறவர் தன்னைத் தானே காத்துக்கொள்ளத் தெரிந்தவர் என்பது அதன் கணக்கு.

அப்படியானால் அரசு தன்னை எப்படிக் காத்துக்கொள்வது? அங்கேதான் ஈடு வருகிறது. நாம் கடன் வாங்கப் போனால் வங்கி நம்மிடம் நகையோ பத்திரமோ கேட்கும். அரசு பணம் போடும்போது வங்கியிடம் ஈடு கேட்கும், அவ்வளவுதான். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் இது சட்டம்: காப்பீட்டு வரம்புக்கு மேல் இருக்கும் பொதுப்பணத்துக்கு அரசுக் கடன் பத்திரங்களையோ அதற்கு நிகரான பத்திரங்களையோ வங்கி ஈடாக ஒதுக்கி வைக்க வேண்டும்.

இதில் நுணுக்கம் நிறைய உண்டு, ஈடு வாங்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. 100 கோடி டெபாசிட்டுக்கு 100 கோடி மதிப்புள்ள பத்திரம் போதுமா? போதாது, ஏனென்றால் வட்டி விகிதம் ஏறினால் பத்திரத்தின் விலை இறங்கும், வங்கி தள்ளாடும் காலமும் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். அதனால் 102, 105, 110 என்று ஏதோ ஒரு அளவு கூடுதலாக வாங்குவார்கள், சந்தை விலையைத் திரும்பத் திரும்பப் பார்த்துக் குறைந்தால் மேலும் கேட்பார்கள். அந்தப் பத்திரம் எங்கே இருக்கிறது என்பது அடுத்த விஷயம். பணம் வாங்கிய வங்கியின் பெட்டகத்திலேயே ஈட்டையும் வைத்திருந்தால் வங்கி மூழ்கும் நாளில் உங்கள் ஈடும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும்; மூன்றாவது ஒரு நிறுவனத்திடமோ மத்திய வங்கியிடமோ அரசின் பெயர் குறித்து இருக்க வேண்டும். அந்த வங்கியே வெளியிட்ட பங்கையோ பத்திரத்தையோ ஈடாக ஏற்கக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை, வங்கி விழும்போது அதுவும் கூடவே விழும்.

காகிதமும் சரியாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் ஒரு வங்கி விழுந்து காப்பீட்டுக் கழகம் அதைக் கையில் எடுக்கும்போது, ஈட்டு ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா, வங்கியின் இயக்குநர் குழுவோ கடன் குழுவோ ஒப்புதல் கொடுத்தது கூட்டக் குறிப்பில் பதிவாகியிருக்கிறதா, ஒப்பந்தம் தொடக்கம் முதல் வங்கியின் ஆவணமாகவே இருந்து வந்திருக்கிறதா என்று பார்க்கும். இதில் ஒன்று குறைந்தாலும் ஈட்டின் மேல் உரிமை கேட்பது பெரிய சிக்கலாகிவிடும். பத்திரம் கோடிக்கணக்கில் இருந்தும், ஒரு கூட்டக் குறிப்பு இல்லாததால் வரிசையில் கடைசியில் போய் நிற்க நேரலாம்.

இந்தியாவின் வழி வேறு. அரசின் முதன்மைப் பணம் ரிசர்வ் வங்கியிலேயே இருக்கிறது என்பதால் அந்தப் பகுதிக்கு ஈடு என்ற பேச்சே எழுவதில்லை. ஆபத்து வருவது அங்கிருந்து வெளியே வந்து, துறைகள், வாரியங்கள், கழகங்கள் பெயரில் வணிக வங்கிகளில் உட்கார்ந்திருக்கும் பணத்துக்குத்தான்.

கேள்வி: ஒரு உள்ளாட்சி அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஒரு வங்கியின் கிளை மேலாளர் அடிக்கடி வருகிறார். எங்கள் டெபாசிட்டை அவர் கிளைக்கு மாற்றினால் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர், நாற்காலி எல்லாம் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். வட்டியும் மற்ற வங்கிகள் அளவுக்குத்தான் தருகிறார். மேலதிகாரிக்கு விருப்பம் இருக்கிறது. இது தவறா? நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்த மேலாளர் கெட்டவராக இருக்க வேண்டும் என்பதில்லை, அவருக்கு மேலிருந்து டெபாசிட் டார்கெட் இருக்கும், வருடக் கடைசி நெருங்க நெருங்க அது கழுத்தை நெரிக்கும். ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். உங்கள் பணத்தால் வங்கிக்கு வரும் லாபத்திலிருந்துதான் வருகிறது. அந்த லாபத்தின் பங்கு வட்டியாக வந்திருந்தால் கணக்கில் வரவாகியிருக்கும், மன்றமோ குழுவோ அதை எதற்குச் செலவிடலாம் என்று முடிவு செய்திருக்கும், தணிக்கையாளர் பார்த்திருப்பார். நாற்காலியாக வரும்போது அந்த மூன்றும் இல்லாமல் போகிறது. இன்றைக்கு அலுவலகத்துக்கு நாற்காலி, நாளைக்கு அதிகாரி வீட்டுக்கு வேறு ஏதாவது என்று போவதற்கு நடுவில் கதவு எதுவும் இல்லை.

என்ன செய்யலாம்? வாய்ப்பேச்சை எழுத்துக்கு மாற்றுங்கள். உங்கள் அமைப்பின் விதிப்படி தகுதி உள்ள வங்கிகள் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில், ஒரே தொகைக்கு, ஒரே கால அளவுக்கு வட்டி விகிதம் கேட்டுக் கடிதம் அனுப்புங்கள். மூடிய உறையில் வரட்டும், குறிப்பிட்ட நேரத்தில் இரண்டு மூன்று பேர் முன்னால் பிரிக்கப்படட்டும், ஒப்பீட்டுப் பட்டியலில் எல்லோரும் கையெழுத்துப் போடட்டும். கம்ப்யூட்டர் தருவேன் என்கிற வங்கியிடம் அதன் மதிப்பை வட்டியாகவே தரச் சொல்லி அந்தக் கடிதத்தில் கேளுங்கள். தர முடியாது என்றால் ஏன் முடியாது என்று உங்களுக்கே புரிந்துவிடும். அப்புறம், முன்கூட்டி உடைத்தால் எவ்வளவு பிடிப்பார்கள், முதிர்வுத் தொகை எந்தக் கணக்கில் வரவாகும் என்ற இரண்டையும் அதிலேயே எழுதி வாங்குங்கள். இரண்டாவது மிக முக்கியம். டெபாசிட் எந்தக் கணக்கிலிருந்து போனதோ அந்தக் கணக்குக்கே திரும்ப வேண்டும், வேறு கணக்குக்கு மாற்றச் சொல்லி ஒரு கடிதம் வந்தாலும் வங்கி ஏற்கக் கூடாது என்று ஆரம்பத்திலேயே பதிவு செய்துவிட்டால் பல மோசடிகள் வாசலோடு நின்றுவிடும்.

கணக்கு எந்த வகை என்பதையும் பாருங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி பட்ஜெட் ஒதுக்கீட்டை நம்பி இயங்கும் அரசுத் துறைகள், நகராட்சிகள் போன்றவற்றின் பெயரில் வங்கிகள் சேமிப்புக் கணக்கு திறக்கக் கூடாது. அரசுத் திட்டங்களுக்காக விடுவிக்கப்படும் மானியத்துக்கு, உரிய துறையின் அனுமதிக் கடிதம் இருந்தால் விலக்கு உண்டு. உங்கள் அலுவலகத்தில் சேமிப்புக் கணக்கு ஏதாவது இருந்தால் அந்த அனுமதிக் கடிதம் கோப்பில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

மேலதிகாரி வாய்மொழியாக மாற்றச் சொன்னால் மறுத்துச் சண்டை போட வேண்டாம். விதி இது, பெற்ற விகிதங்கள் இவை, ஆணை வேண்டி வைக்கப்படுகிறது என்று ஒரு குறிப்பு எழுதிக் கோப்பை மேலே அனுப்புங்கள். பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், இருக்கத்தான் செய்யும், அந்தக் குறிப்பில் இருக்கும் தேதியும் உங்கள் கையெழுத்தும் பின்னால் உங்களைக் காப்பாற்றும்.

கேள்வி: எல்லா அரசுப் பணத்தையும் ஒரே கணக்கில் வைத்துவிட்டால் இந்தப் பிரச்சினையே இருக்காதே?

பதில்: அதைத்தான் பல நாடுகள் செய்ய முயல்கின்றன. பிரிட்டனில் 1787இல் தொகுப்பு நிதி என்ற ஒன்றை ஏற்படுத்தி வருமானம் எல்லாம் ஒரே இடத்தில் சேரும்படி செய்தார்கள். இந்தியாவில் அரசியலமைப்பின் 266ஆவது பிரிவு, அரசின் வருவாய், வாங்கும் கடன், திரும்பி வரும் கடன் எல்லாம் தொகுப்பு நிதியில் சேர வேண்டும் என்கிறது. ரிசர்வ் வங்கிச் சட்டத்தின்படி மத்திய அரசு தன் ரொக்க இருப்பை வட்டியில்லாமல் ரிசர்வ் வங்கியில் வைக்கிறது, மாநிலங்கள் ஒப்பந்தம் மூலம் அப்படியே செய்கின்றன. அந்த முதன்மைக் கணக்குகள் நாக்பூரில் இருக்கும் ரிசர்வ் வங்கியின் மத்தியக் கணக்குப் பிரிவில் பராமரிக்கப்படுகின்றன. நாம் வங்கியில் சலான் போட்டு வரி கட்டும்போது அந்த வங்கி முகவர் மட்டுமே; பணத்தை ரிசர்வ் வங்கிக்கு அனுப்பத் தாமதித்தால், வங்கி விகிதம் என்று ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டி விகிதத்துக்கு மேல் 2 சதவீதம் சேர்த்து வட்டி கட்ட வேண்டும்.

ஒரே கணக்கு ஏன் நல்லது என்றால், ஒரு துறையின் கணக்கில் பணம் சும்மா கிடக்கும்போது இன்னொரு துறைக்காக அரசு வட்டிக்குக் கடன் வாங்கும் கூத்து அதில் நடக்காது. நைஜீரியாவில் அமைச்சகங்களும் அரசு நிறுவனங்களும் வணிக வங்கிகளில் பல்லாயிரம் கணக்குகள் வைத்திருந்தன. 2015 ஆகஸ்டில் எல்லாவற்றையும் மத்திய வங்கியில் இருக்கும் ஒரே கருவூலக் கணக்குக்கு மாற்றச் சொல்லி அதிபர் ஆணையிட்டார்.

கேள்வி: வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அரசுப் பணத்தை எல்லாம் மத்திய வங்கிக்குத் துடைத்துக்கொண்டு போனால் கிளைகள் எதை வைத்துக் கடன் கொடுக்கும்? நீங்கள் ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கிறீர்கள்.

பதில்: ஐயா, உங்கள் வாதத்தில் உண்மை இருக்கிறது. நைஜீரியாவில் அந்த ஆணைக்குப் பிறகு வங்கிகளுக்குக் கையிருப்புத் தட்டுப்பாடு வந்தது உண்மை. அரசின் இலவசப் பணத்தையே நம்பி இருந்த வங்கிகள் அதிகம் தவித்தன.

ஆனால் இந்தச் சண்டைக்கு ஏறக்குறைய இருநூறு வயது, அதன் இரண்டு பக்கத்தையும் அனுபவித்துப் பார்த்தவர்கள் அமெரிக்கர்கள். 1833இல் அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன், அரசுப் பணம் அதுவரை இருந்த அமெரிக்க ஐக்கிய வங்கியிலிருந்து அதை விலக்கி மாநில வங்கிகளில் போட முடிவு செய்தார். அப்போதைய நிதிச் செயலர் டுவான் அதற்கு உடன்படவில்லை, பதவியிழந்தார். அடுத்து வந்த டேனி செய்து முடித்தார். பணம் கிடைத்த வங்கிகளுக்கு ஜாக்சனின் செல்ல வங்கிகள் என்று எதிரிகள் பெயர் வைத்தார்கள். தேர்வில் அரசியல் வேண்டியவர்கள் யார் என்பதும் பார்க்கப்பட்டது. 1836 ஜூனில் வந்த டெபாசிட் சட்டம்தான் கொஞ்சம் ஒழுங்கு கொண்டுவந்தது: ஒரு வங்கியில் அதன் பங்குதாரர்கள் செலுத்திய மூலதனத்தில் முக்கால் பங்குக்கு மேல் அரசுப் பணம் இருக்கக் கூடாது, கால் பங்கைத் தாண்டினால் வங்கி 2 சதவீதம் வட்டி தர வேண்டும். இன்றைக்கும் ஒரே வங்கியில் குவிக்காதே என்று பல நாடுகளில் இருக்கும் வரம்புகள் இதே யோசனைதான். ஆனால் 1837இல் பெரிய நிதி நெருக்கடி வந்து வங்கிகள் தங்கள் நோட்டுக்குப் பதிலாகத் தங்கம் வெள்ளி தருவதை நிறுத்தின, அரசுக்கே தன் பணத்தை எடுப்பது சிரமமானது. வெறுத்துப்போய் வங்கியே வேண்டாம் என்று 1840இலும், நடுவில் ஒரு முறை ரத்தாகித் திரும்ப 1846இலும், அரசு தன் பெட்டகத்திலேயே நாணயத்தை வைக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். அதில் வேறு தொல்லை: வரி வசூலிக்கும்போதெல்லாம் ஊரில் புழங்கும் பணம் பெட்டகத்துக்குள் போய் உறங்கியது, வியாபாரம் திணறியது. நீங்கள் சொல்லும் அதே குறைதான்.

அதனால்தான் கனடா போன்ற நாடுகளில் நடுவழி ஒன்று இருக்கிறது. அரசின் அன்றாட உபரியை நிதி நிறுவனங்களுக்கு ஏலத்தில் விடுகிறார்கள், யார் அதிக வட்டி சொல்கிறாரோ அவருக்குக் குறுகிய காலத்துக்கு. பணம் சந்தைக்குள்ளேயே சுற்றும், விலை வெளிப்படையாக முடிவாகும். கிளைக்குக் கடன் கொடுக்கப் பணம் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன், அது மக்களின் நம்பிக்கையால் வரும் டெபாசிட்டிலிருந்து வரட்டும் என்பதுதான் என் கட்சி. அரசுப் பணம் இன்று இருக்கும், நாளை சம்பளத்துக்குப் போகும். அதை வைத்து ஐந்து வருடக் கடன் கொடுத்தால் வங்கிக்கும் தொல்லை, அரசுக்கும் தொல்லை. இது எனக்கு முன்பே நீங்கள் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்த விஷயமாக இருக்கும்.

கேள்வி: திட்டத்துக்கு வந்த பணத்தை வங்கியில் வைத்ததால் வரும் வட்டி யாருக்குச் சொந்தம்?

பதில்: பணம் கொடுத்தவருக்கு, வேறு விதி எழுதப்படாதவரை. இந்தியாவில் மத்திய அரசின் உதவித் திட்டங்களுக்கு 2021இல் ஒரு முறை வந்தது. ஒவ்வொரு திட்டத்துக்கும் மாநிலம் ஒரே ஒரு ஒருங்கிணைப்பு முகமையை நியமித்து, ஒரு வணிக வங்கியில் அதற்கென ஒரே கணக்கு வைக்க வேண்டும். கீழே உள்ளவர்கள் அதிலிருந்து தங்கள் வரம்புக்குள் எடுத்துச் செலவிடலாம். மத்தியப் பங்குக்குச் சேரும் வட்டி மத்திய அரசின் தொகுப்பு நிதிக்கும், மாநிலப் பங்குக்கு உரியது மாநிலத்துக்கும் போக வேண்டும். அதற்கு முன்பு பணம் கீழே கீழே பல கணக்குகளில் தேங்கி நின்றது. வட்டி வருமானமே பிடித்துப்போய் வேலையைத் தள்ளிப்போடும் ஆசையும் அதோடு வரும் என்பதால், இந்த விதியை நான் மனதார வரவேற்கிறேன்.

கேள்வி: இதெல்லாம் அதிகாரிகள் விஷயம். சாதாரண ஆளால் எதைப் பார்க்க முடியும்?

பதில்: நிறையப் பார்க்கலாம். உங்கள் உள்ளாட்சியின் ஆண்டுக் கணக்கும் தணிக்கை அறிக்கையும் கிடைத்தால் இரண்டு இடங்களைத் தேடுங்கள். ஒன்று, எந்தெந்த வங்கியில் எவ்வளவு என்ற பட்டியல். பயன்படாத கணக்குகள் நீண்டுகொண்டே போகிறதா, எல்லாம் ஒரே கிளையில் குவிந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு, ரொக்கப் புத்தகத்தின் இருப்பும் வங்கியின் இருப்பும் ஒப்பிடப்பட்டனவா என்பது. பல மாதமாக ஒத்துப் பார்க்கவில்லை என்று தணிக்கையாளர் எழுதியிருந்தால் அதைச் சின்ன விஷயமாகக் கடந்து போகாதீர்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பீகாரின் பாகல்பூரில் 2017இல் வெடித்த ஸ்ரீஜன் ஊழல் வெளியே வந்ததே ஒரு அரசுக் காசோலை பணமில்லை என்று திரும்பியதால்தான். அரசுத் துறைகளின் கணக்கிலிருந்து பணம் ஒரு தனியார் கூட்டுறவு அமைப்பின் கணக்குக்கு வருடக்கணக்கில் போயிருக்கிறது என்பது குற்றச்சாட்டு. வழக்கு சிபிஐக்குப் போனது. கணக்கு ஏட்டில் பணம் இருந்தது, வங்கியில் இல்லை. வங்கிக்கு நேரே கடிதம் எழுதி, யாருடைய கைவழியும் இல்லாமல் இருப்புச் சான்றைத் தபாலிலோ அதிகாரபூர்வ மின்னஞ்சலிலோ வாங்கி ஒத்துப் பார்த்திருந்தால் அந்த மாதமே தெரிந்திருக்கும். எஃப்டி ரசீதின் நகலைக் கோப்பில் வைத்திருப்பது போதாது, ரசீது எண்ணைச் சொல்லி வங்கியிடம் உறுதி வாங்க வேண்டும், போலி ரசீது அச்சடிப்பது கஷ்டமான வேலை இல்லை.

பணம் பத்திரமாக இருந்தும் கைக்கு வராமல் போகலாம் என்பதற்கும் ஒரு உதாரணம். 2020 மார்ச் 5 அன்று யெஸ் வங்கி மீது கட்டுப்பாடு வந்து, ஒரு வாடிக்கையாளர் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்றார்கள். பூரி ஜகந்நாதர் கோயிலின் 545 கோடி ரூபாய் அப்போது அங்கே டெபாசிட்டில் இருந்தது. கோயில் பணம் அரசுப் பணம் இல்லைதான், ஆனால் அதுவும் ஒரு ஊரே சேர்ந்து நம்பி ஒப்படைத்த பணம். மார்ச் 18 அன்று கட்டுப்பாடு நீங்கியது, பணத்துக்கு ஆபத்து வரவில்லை. அந்த 13 நாளில் ஒரு நகராட்சி சம்பளம் போட வேண்டியிருந்தால் என்ன செய்திருக்கும் என்று உங்கள் வார்டு உறுப்பினரைச் சந்திக்கும்போது கேளுங்கள். எத்தனை வங்கியில் பிரித்து வைத்திருக்கிறீர்கள், எந்த மாதத்தில் எது முதிர்கிறது என்றும் சேர்த்துக் கேளுங்கள். உடனே பதில் தெரியாவிட்டாலும் அடுத்த கூட்டத்துக்குள் விசாரித்து வைத்துவிடுவார்.